வெள்ளைக்கரடி எப்படி நாறும்

"வெள்ளைக்கரடி எப்படிங்க நாறும்?"

எதிரே உட்கார்ந்த மனிதர் எடுத்த எடுப்பில் கேட்டது இதுதான். வணக்கம் இல்லை, பேர் இல்லை, ஊர் இல்லை.

பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும். நெற்றியில் நாமம். வெளுத்த சட்டை. மடியில் ஒரு துணிப்பை.

வெள்ளைக்கரடி என்பது ஒரு ஐஸ் பீர். புதுச்சேரிக்கு மேற்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிற அந்த ஆலையில்தான் காய்ச்சுகிறார்கள். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்தது. மூட்டை இறக்குகிறவர்களும் கொத்து வேலைக்காரர்களும் போய் நின்று "ரெண்டு கரடி" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

அந்த ஆலையின் சுவைக்கூடத்துக்கு பிலோமினாதான் தலைமை. வயது முப்பத்தெட்டு. அவள் குடித்துப் பார்த்துத் தலையாட்டாமல் ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டாது.

"கடையில வாங்கிக் குடிச்சுப் பாருங்க ஐயா," என்றாள். மேசையில் வேலை குவிந்து கிடந்தது.

"ஒரு பாட்டில் போதாதுங்க. ஒழுங்கா இருந்தா எப்படி நாறும், கெட்டா எத்தன விதமா நாறும், அவ்வளவும் தெரியணும்."

பிலோமினா பேனாவைக் கீழே வைத்தாள். பதினாலு வருஷத்தில் வெளியாள் ஒருவர் வந்து இப்படிக் கேட்டதே இல்லை.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பால் சொசைட்டிங்க. கேன் மோந்து பாக்குறது. இருபத்தாறு வருஷம்."

அந்த நேரம் பார்த்து கேன்டீனிலிருந்து டீ வந்தது. அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"அது ரெண்டு பாலு," என்றார். "ஒன்னு நேத்து சாயங்காலம் கறந்தது."

அவள் குடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் குறை சொல்கிற மூக்கு அவளுடையது. விடுவாளா? கேன்டீனுக்குப் போன் போட்டாள். ஆமாம் மேடம், நேற்று கொஞ்சம் மிஞ்சிவிட்டது, கலந்துவிட்டோம் என்றார்கள்.

டம்ளர் மேசையிலிருந்தது. மூன்று முழத் தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"பீடி, சிகரெட்?"

"இல்லீங்க."

"வெத்தல பாக்கு?"

"இல்லீங்க."

சுவைக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் இருந்தவன் பான்பராக் போட ஆரம்பித்து நாக்கைக் கெடுத்துக்கொண்டான். இப்படி ஒரு மூக்கு தானாக நடந்து வந்து உட்கார்ந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

"எதுக்கு ஐயா உங்களுக்கு இது?"

"பையன் செத்துட்டான்," என்றார்.

*

அவர் பேர் பூவராகன். பையன் தேவநாதன். ஒரே பிள்ளை. மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"குடிப்பான். கரடிதான். எட்டு வருஷம். சாயங்காலம் வந்து வாசல்ல நிப்பான். நான் மோந்து பாப்பேன். வாடை இருந்தா கதவச் சாத்திடுவேன். இல்லன்னா உள்ள விடுவேன்."

"கேன் பாக்குற மாதிரியா?"

"அதே மாதிரிதாங்க."

அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

சொசைட்டியில் அரை மணிக்குள் நாற்பது கேன் வரும். மூடியைத் திறந்து ஒரே மூச்சு. உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. இரண்டாம் தரம் மோந்தால் சந்தேகம் வந்துவிடும், வரிசை நின்றுவிடும். திருப்பி அனுப்பிய கேனைப் பற்றி யோசிக்கக் கூடாது. யோசித்தால் அந்த வேலை பார்க்க முடியாது.

"ஐப்பசியில ஒரு நாள் வந்தான். தள்ளாடுனான். நாக்கு கொழறுச்சு. மோந்தேன். பழவாடை மாதிரி ஒன்னு. சாத்திட்டேன்."

பிலோமினா டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"பஸ் ஸ்டாப்புல போய்ப் படுத்திருக்கான். காலையில பேச்சு மூச்சு இல்ல. ஆஸ்பத்திரியில சர்க்கரை ஏறிப்போச்சுன்னாங்க. அவனுக்குச் சர்க்கரை இருந்ததே எங்களுக்குத் தெரியாது. முப்பத்தோரு வயசு. மூணாம் நாள் போய்ட்டான்."

பையைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்குக் குடிச்சிருந்தானான்னு டாக்டரக் கேட்டேன். இப்ப எப்படிங்க சொல்றதுன்னுட்டார். அப்ப யாரக் கேக்குறது? அன்னிக்கு அவன் மேல அடிச்சது பீரா இல்லியா. அது எனக்குத் தெரியணும்."



பிலோமினாவின் அம்மாவும் சர்க்கரையில் போனவர்தான். கடைசி நாலு நாள் அந்த அறையில் ஒரு வாடை. கனிந்து உடைந்த பழத்தோடு நகப்பூச்சு அழிக்கிற மருந்தையும் சேர்த்தால் எப்படி இருக்கும், அப்படி. வீட்டில் பழமே இல்லையே என்று அவள் தேடிப் பார்த்தாள். சர்க்கரை முற்றினால் மூச்சில் இந்த வாடை வரும், பார்க்கிறவர்கள் நோயாளி குடித்திருப்பதாகவே நினைப்பார்கள் என்று நர்ஸ்தான் சொன்னார்.

அதை இந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? உன் பிள்ளை குடிக்கவில்லை, சாகக் கிடந்தான், நீ கதவைச் சாத்தினாய் என்றா?

வேறு ஒரு வழி இருந்தது. கரடியில் பழவாடை வராது என்று யார் சொன்னது? சூட்டில் புளித்தால் வரும். வெயிலில் கிடந்தால் என்னென்னவோ வரும். இந்த ஆலையின் சரக்கு ஒரு தடவையாவது கெட்டுப்போயிருக்கட்டும் என்று பிலோமினா முதல் தடவையாக ஆசைப்பட்டாள்.

"கத்துக்கிட்டா மறக்க முடியாது ஐயா," என்றாள். "ஒரு குறைய மூக்கு பழகிடுச்சுன்னா அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாது."

"சரிங்க."

"நெசமாத்தான் சொல்றேன்."

"சரிங்கம்மா."

*

அந்தக் காலி இடத்தில் அவரை உட்காரவைத்தாள். வாரத்தில் மூன்று நாள். காலை பதினோரு மணி. வயிறு நிறைந்தும் இருக்கக் கூடாது, காய்ந்தும் இருக்கக் கூடாது.

பவுடர் கூடாது. தேங்காய் எண்ணெய் கூடாது. சோப்புகூட வாசனை இல்லாத சோப்பு. நாமத்துக்கு வாசனை இல்லை என்பதால் அதை மட்டும் விட்டு வைத்தாள்.

முதல் வாரம் வெறும் தண்ணீர். ஆறு ஊர் தண்ணீரை ஆறு கிளாஸில் ஊற்றி, எது எதோடு சேரும் என்றாள். ஆறையும் பிரித்து வைத்துவிட்டு, "இது ஏரித்தண்ணி, பாசி வாடை அடிக்குது," என்றார்.

இரண்டாம் வாரம் பீர்.

கருநீலக் கண்ணாடிக் கிளாஸ். உள்ளே இருப்பதன் நிறம் தெரியாது. மேலே ஒரு மூடி. ஓரத்தில் மூன்று இலக்க எண். எந்த பாட்டில் எந்த எண் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். மேசையைச் சுற்றி மற்ற நாலு பேரும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்தில் பேச்சு கிடையாது, முகம் சுளிப்பதும் கிடையாது.

பூவராகன் மோந்தார். ஒரு மடக்கு வாயில் வைத்தார். துப்புவதற்குப் பாத்திரம் தேடினார்.

"துப்பக் கூடாது ஐயா. கசப்பு தொண்டையிலதான் தெரியும். முழுங்கணும்."

அறுபது வருஷமாக அந்த வாய்க்குள் ஒரு சொட்டு போனதில்லை. அப்பா, தாத்தா வாய்க்குள்ளும் போனதில்லை. வாயில் பீரை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

முழுங்கினார்.

மற்றவர்கள் போன பிறகு கேட்டார். "இது குளிரவே இல்லியே. குளிரக் குளிரத்தான குடிப்பாங்க?"

"குளிர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆறட்டும்னு விட்டாத்தான் உள்ள இருக்கிறது வெளிய வரும்."

"ஐஸ் பீருன்னா ஐஸ் போடுவாங்களா?"

"எடுப்பாங்க. பீரை உறைய வெச்சா தண்ணி மட்டும் கட்டியாவும். அத வடிச்சு எடுத்துட்டா மிச்சம் காட்டமா நிக்கும்."

"அப்ப ஐஸ் இல்லாத பீருதான் ஐஸ் பீரு."

"ஆமா."

இதற்குச் சிரிக்காத ஆள் இதுவரை வந்ததில்லை. அவர் சிரிக்கவில்லை.

*

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மூக்கை அவள் பார்த்ததே இல்லை.

சந்தையில் இருக்கிற மலிவு ஐஸ் பீர் அஞ்சு. வெள்ளைக்கரடி, நீலப்பாறை, பனிவெடி, இன்னும் இரண்டு. அஞ்சையும் எண் போட்டு வைத்தால் வரிசையாகச் சொல்லிவிடுவார்.

"முந்நூத்திப் பதினாலு, மக்காச்சோளம் வேகவெச்ச தண்ணி."

"இருநூத்தி எட்டு, நனைஞ்ச அட்டப்பெட்டி."

"ஐந்நூத்தி முப்பது, வெண்ண பிஸ்கோத்து. எண்ணூத்தி ரெண்டு, தீக்குச்சி."

"தொள்ளாயிரத்து ஒன்னு, ஒன்னும் இல்லீங்க."

அந்தத் தொள்ளாயிரத்து ஒன்றுதான் கரடி. பிலோமினாவுக்கு உள்ளுக்குள் வலித்தது. மற்ற நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"இந்த அஞ்சுல எதும்மா நல்லது?" என்று ஒருநாள் கேட்டார்.

"இந்த வெலைக்கு நல்லதுன்னு ஒன்னு கிடையாது ஐயா. கெடாம இருந்தா போதும். குறையில்லைன்னு எழுதிட்டு அனுப்பிடுவோம்."

"நாங்களும் அதாங்க எழுதுவோம்."

ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு வரவில்லை. மூடியைத் திறப்பார், ஒரே மூச்சு, மூடிவிடுவார். கால் மணி கழித்து இன்னொரு தரம் மோந்து பார்க்க வேண்டும் என்பது கூடத்தின் முறை. ஆற ஆற ஒன்று போய் ஒன்று வரும்.

"இன்னொருதரம் பாருங்க ஐயா."

"பாத்தாச்சுங்க."

"பாருங்க."

மோப்பார். முன்பு சொன்னதையே சொல்வார். அவர் சொன்னது தப்பாகவும் இருக்காது.

*

ஒருநாள் மாலை கம்பெனி பஸ்ஸில் போகும்போது பிலோமினா அவரைப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில், சிமெண்ட் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து அஞ்சு மணி நேரம் ஆகியிருந்தது.

அடுத்த முறை வந்தபோது கேட்டாள். "வீட்டுக்குப் போகலியா அன்னிக்கு?"

"வாடை போனதும் போவேன்."

"வீட்ல ஏதாச்சும் சொல்றாங்களா?"

"அவ என்ன சொல்லுவா? ஒன்னும் சொல்ல மாட்டா. கதவத் தொறந்து நிப்பா. நான் அவ மொகத்துக்கு நேரா மூச்சு விடணும்ல?"

தேவநாதன் படுத்திருந்த பஸ் ஸ்டாப்தானா என்று பிலோமினா கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அன்று அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

*

மாசி மாதம் பழவாடைகளை ஆரம்பித்தாள். அதுவரை ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டிருந்தாள்.

இன்னும் பதம் வராத இளம்பீரில் பச்சை ஆப்பிள் வாடை வரும். தொட்டியிலிருந்து எடுத்து வந்து வைத்தாள்.

மோந்தார். முழுங்கினார். "இது இல்ல."

சூட்டில் புளித்த பீரில் வாழைப்பழம்.

"இது இல்ல."

வேகமாகக் காய்ச்சிக் காட்டம் ஏற்றினால் பெயிண்ட் கடை வாடை. இதுவாக இருந்துவிடாதா என்று அவளுக்கு இருந்தது. கிளாஸை நகர்த்தும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"கிட்டத்துல வருது. ஆனா இல்ல."

கரடி பாட்டில்களை மொட்டை மாடியில் ஒரு வாரம் வெயிலில் போட்டாள். லாரியின் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துத் திருச்சி வரைக்கும் அனுப்பித் திரும்ப வாங்கினாள். அவர் ஊர்க்கடையில் தூசி படிந்து கிடந்த பழைய சரக்கை வாங்கி வரச்சொன்னாள். பார்க்கிறவர்கள் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

"இது இல்ல."

"இது இல்லீங்க."

"இல்லம்மா."

இத்தனைக்கும் அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம், இதுதான் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அவளும் தலையாட்டியிருப்பாள். இருவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

*

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது.

ஆலையில் காய்ச்சுகிற ஒவ்வொரு பேட்ச்சிலும் ஆறு பாட்டில் எடுத்துத் தனி அறையில் பூட்டி வைப்பார்கள். யாராவது புகார் கொண்டுவந்தால் ஒப்பிட்டுப் பார்க்க. ஆறு மாதம் இருக்கும், அப்புறம் சாக்கடையில் கொட்டிவிடுவார்கள். ஐப்பசி மாதம் கடைகளுக்குப் போன சரக்கு அந்த அறையில் இன்னும் இருந்தது. பதினோரு பேட்ச். இன்னும் இரண்டு வாரத்தில் கொட்டிவிடுவார்கள்.

தேவநாதன் அன்று குடித்திருந்தால் இந்தப் பதினொன்றில் ஒன்றைத்தான் குடித்திருக்க வேண்டும்.

இதை ஏன் முதல் நாளே கொண்டுவரவில்லை என்று அவர் கேட்கவில்லை. மூக்கு பழகட்டும் என்றுதான் வைத்திருந்தேன் என்று சொல்ல அவள் தயாராக இருந்தாள். அதில் பாதிதான் உண்மை.

ஒரு நாளைக்கு நாலு என்று மூன்று நாள் ஆனது.

ஒவ்வொன்றுக்கும் ஒரே மூச்சு. ஒரு மடக்கு. தலையசைப்பு.

பதினோராவது கிளாஸை அவர் மூடியபோது பிலோமினா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"குறையில்லீங்க," என்றார்.

எண்ணைப் பார்த்து அவரே தாளில் எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது.

"இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குதாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் கிழிந்துபோன வாழை இலை மாதிரி உட்கார்ந்திருந்தார். நாலு மாதத்தில் உடம்பு பாதியாகியிருந்தது.

"ஒன்னே ஒன்னு இருக்கு ஐயா," என்றாள். "நாளைக்கு வாங்க."

*

மறுநாள் காலை ஏழு மணிக்கே கூடத்துக்கு வந்துவிட்டாள்.

ஒரு கரடியைத் திறந்து நீலக் கிளாஸில் ஊற்றினாள். ஆய்வு மேசையில், கண்ணாடிச் சாமான் கழுவ வைத்திருக்கும் அசிட்டோன் பாட்டில் இருந்தது. குச்சியால் ஒரு சொட்டு விட்டாள். மோந்தாள். வெறும் நகப்பூச்சு வாடை. கொட்டினாள்.

அடுத்த கிளாஸில் வாழைப்பழ வாடை அடித்த பீர் கொஞ்சம், பச்சை ஆப்பிள் வாடை அடித்தது கொஞ்சம். இல்லை. கொட்டினாள்.

ஒன்பதாவது கிளாஸில் அம்மா இருந்தார்.

அறை, கட்டில், ஈரத்துணி, எல்லாம் இருந்தது. பிலோமினா மூடியைப் போட்டுவிட்டு, கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குறையைக் கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. இன்றைக்கு நல்ல பீரில் குறையைச் செய்து வைத்திருக்கிறாள். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். போகட்டும் என்றிருந்தது. அந்த மனிதர் அந்த பெஞ்சில் உட்காராமல் நேரே வீட்டுக்குப் போனால் போதும்.

பதினோரு மணிக்கு அவர் வந்தார். மற்றவர்களை அவள் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

மேசையில் ஒரே ஒரு கிளாஸ். எண் இல்லை.

"மோந்து பாத்தா போதும். குடிக்க வேணாம்," என்றாள்.

பூவராகன் மூடியைத் திறந்தார். ஒரே மூச்சு. மூடினார்.

மூடி மேல் வைத்த கை அப்படியே நின்றது.

"இதாங்க," என்றார்.

"கரடிதான் ஐயா." அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். "ஐப்பசி சரக்கு. பன்னெண்டாவது பேட்ச் ஒன்னு மூலையில கிடந்திருக்கு. நேத்துதான் கண்ணுல பட்டுச்சு. கெட்டுப்போன பேட்ச். எங்க தப்பு. தேவநாதன் அன்னிக்கு இதத்தான் குடிச்சிருக்கான்."

அவர் மூடியிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க மோந்தது சரிதான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டுக்குப் போங்க."

பூவராகன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பாட்டில் லைன் ஓடுகிற சத்தம் கேட்டது. கால் மணி போயிருக்கும்.

யாரும் சொல்லாமல் அவரே மூடியைத் திறந்தார். இரண்டாம் தரம் மோந்தார். நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு.

"கரடிதான்," என்றார். "ஆனா ஐப்பசி இல்ல. புதுசு. போன வாரத்துச் சரக்கு."

பிலோமினா கிளாஸை எடுக்கக் கை நீட்டினாள்.

"மேல நிக்கிறது நீங்க விட்டது. நல்லாத்தான் கலந்திருக்கீங்க."

"ஐயா…"

"உங்க மனசு தெரியுதும்மா."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "எங்கம்மா சர்க்கரையில போனாங்க. கடைசியில அந்த ரூம்ல இந்த வாடைதான். நீங்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும் ஐயா. அவன் குடிக்கல. சொல்ல வாய் வரல. என்னை மன்னிச்சிடுங்க."

"எனக்கும் தெரியும்," என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "எப்பலேர்ந்து?"

"வாசல்லயே."

கிளாஸை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"கரடி இல்லன்னு மூக்கு சொல்லிடுச்சு. அது ஒருநாளும் தப்பாச் சொன்னதில்ல. தாகமா இருக்குப்பான்னான். எட்டு வருஷமா சாத்துன கை. சாத்திடுச்சு."

"அப்ப நாலு மாசமா எதுக்கு ஐயா இங்க வந்தீங்க? எதுக்கு இத்தனையும் முழுங்குனீங்க?"

துணிப்பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நூத்துல ஒரு கரடியாச்சும் அப்படி நாறிடாதான்னுதாம்மா."